பழைய கணக்கையும் கொண்டு வாருங்கள்

புதிதாக ஒரு மருத்துவரிடம் செல்கிறோம். நாம் நோயைச் சொல்லத் தொடங்கும் முன்பே, "இதற்கு முன் யாரிடம் காட்டினீர்கள்? பழைய சீட்டு இருக்கிறதா?" என்று அவர் கேட்கிறார். நாம் வருந்துவதில்லை. பொறுப்பானவர் என்று மனத்துக்குள் மெச்சிக்கொள்கிறோம். ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யப் புதிதாக ஓர் ஆடிட்டரிடம் போகும்போது, அவரும் அதே கேள்வியைக் கேட்டால் மட்டும் நம் முகம் மாறிவிடுகிறது. "முடிந்து போனதை ஏன் கிளற வேண்டும்? இந்த ஆண்டுக் கணக்கை மட்டும் போட்டுக் கொடுங்கள், போதும்" என்கிறோம்.

வாசகர்களே, வரிக் கணக்கில் "முடிந்து போனது" என்று ஒன்று அவ்வளவு எளிதில் இல்லை. முந்தைய ஆண்டுகளின் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் ஆடிட்டர் உங்களைச் சந்தேகிப்பவர் அல்லர். உங்களுக்கு வரக்கூடிய இழப்பை முன்கூட்டியே கண்டு சொல்பவர். அவர் எதைத் தேடுகிறார், நம் இல்லங்களின் கணக்குகளில் வழக்கமாக எத்தகைய பிழைகள் அகப்படுகின்றன, அகப்பட்ட பிழையை எவ்வாறு திருத்துவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு விளக்கம் முன்னதாகவே தேவை. இதில் வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1-ஆம் தேதியை நடைமுறை நாளாகக் கொண்டு 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அந்நாளுக்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகளை ஆள்வது பழைய சட்டமே. நாம் பேசப்போவதும் அந்தப் பழைய ஆண்டுகளைப் பற்றியே.

கையொப்பம் யாருடையது?

கணக்கைத் தயாரிப்பவர் ஆடிட்டராக இருக்கலாம். வரி ஆலோசகராக இருக்கலாம். கடைத்தெருவில் கணினி வைத்திருக்கும் ஒரு தம்பியாகவும் இருக்கலாம். ஆனால் படிவத்தின் இறுதியில் உள்ள உறுதிமொழி உங்களுடையது. இதில் உள்ளவை யாவும் சரியானவை, முழுமையானவை என்று சட்டத்தின் முன் சொல்பவர் நீங்கள்தாம். "எனக்கு ஒன்றும் தெரியாது, அவர்தான் போட்டார்" என்ற விடையால் வரியும் குறையாது, வட்டியும் குறையாது.

இந்த ஆண்டின் கணக்கு சென்ற ஆண்டின் முடிவிலிருந்தே தொடங்குகிறது. கடையின் கையிருப்புச் சரக்கு, கொடுக்க வேண்டிய கடன், இயந்திரத்தின் தேய்மானம், அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் நட்டம் ஆகிய எல்லாம் பழைய கணக்கிலிருந்து வருபவை. அடித்தளம் கோணலாக இருந்தால் அதன்மேல் எழுப்பும் சுவரும் கோணலாகவே எழும். ஆகவேதான் பொறுப்புள்ள ஆடிட்டர், குறைந்தது முந்தைய மூன்று ஆண்டுகளின் படிவங்களையாவது கேட்கிறார்.

அவர் எவற்றை ஒப்பிடுகிறார்?

முதலாவதாக, படிவம் உண்மையில் தாக்கலாகி இருக்கிறதா என்று பார்க்கிறார். இணையத்தில் அனுப்பினால் மட்டும் போதாது. ஆதார் எண் வழியாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோ அதை உறுதிப்படுத்த வேண்டும். இல்லையேல் தபாலில் கையொப்பப் படிவத்தை அனுப்ப வேண்டும். இதற்கு முன்னர் 120 நாள்கள் அவகாசம் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அது 30 நாள்களாகக் குறைக்கப்பட்டது. உறுதிப்படுத்தாத படிவம் தாக்கல் செய்யாத படிவத்துக்கே சமம். "ஆண்டுதோறும் போட்டுவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களுள் சிலருக்கு இதுவே முதல் அதிர்ச்சியாக அமைந்துவிடுகிறது.

இரண்டாவதாக, உங்கள் பான் எண்ணின் கீழ்த் துறையிடம் உள்ள செய்திகளை எடுத்துப் பார்க்கிறார். 26ஏஎஸ் என்னும் படிவத்தில், பிறர் உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வரி இருக்கும். 2021 நவம்பரில் அறிமுகமான ஏஐஎஸ் என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையோ இன்னும் விரிவானது. வங்கி வட்டி, பங்கு ஈவுத்தொகை, பங்கு விற்பனை, நிலம் வாங்கியது, விற்றது என்று பலவும் அதில் வரிசையாக நிற்கும். நீங்கள் எழுதாமல் விட்டதைத் துறை முன்பே எழுதி வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தானே தெரியும். அந்த அறிக்கையிலும் சில வேளை பிழை இருக்கும். ஒரே தொகை இருமுறை ஏறியிருக்கும், அல்லது பிறருடைய தொகை உங்கள் பெயரில் நிற்கும். அதை மறுத்துக் கருத்துப் பதியவும் அங்கேயே வழி உண்டு.

மூன்றாவதாக, துறையின் இணையதளத்தில் உங்கள் பெயருக்கு நேரே யாருடைய கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் உள்ளன என்று பார்க்கிறார். முன்பு கணக்குப் போட்டவர் தம்முடைய முகவரியையே கொடுத்திருந்தால், துறை அனுப்பிய கடிதங்கள் யாவும் அவருக்கே போயிருக்கும். உங்களுக்கு ஒரு வரியும் வந்திராது.

இனி, நம் குடும்பங்களின் கணக்குகளில் அடிக்கடி காணும் பிழைகளுக்கு வருவோம்.

வாங்காத வட்டி

வட்டி கூடாது என்பது நம் இல்லங்களில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால், நாம் கேளாமலே வட்டி வந்து சேர்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை. நன்மையை நாடாமல் ஏழைகளுக்கோ பொதுத் தேவைக்கோ கொடுத்துவிடுகிறார்கள். "நான் எடுத்துக்கொள்ளாத பணம் எப்படி என் வருமானம் ஆகும்?" என்று கருதி, அதைப் படிவத்திலும் காட்டுவதில்லை.

மார்க்க நோக்கில் அவர்கள் செய்தது பேணுதல். ஆனால் வரிச் சட்டம் கேட்பது வேறு கேள்வி. பணம் உங்கள் கணக்கில் உங்கள் உரிமையாக வந்து சேர்ந்ததா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. வந்தபின் நீங்கள் அதை என்ன செய்தீர்கள் என்பது உங்கள் செலவு. அதனால் அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. சேமிப்புக் கணக்கின் வட்டியில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை பழைய வரித் திட்டத்தில் கழிவு உண்டு. மூத்த குடிமக்களுக்கு வைப்புத் தொகையின் வட்டியையும் சேர்த்து 50,000 வரை உண்டு. ஆனால் முதலில் வருமானமாகக் காட்டினால்தான் கழிவே. புதிய வரித் திட்டத்தில் இக்கழிவுகள் இல்லை.

அந்த வட்டிக்குரிய வரியை அந்த வட்டியிலிருந்தே கட்டலாமா என்பது ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டியது. படிவத்தில் காட்ட வேண்டுமா என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை, காட்டத்தான் வேண்டும். வட்டியே வேண்டாம் என்போர், வசதி இருப்பின் வட்டி சேராத நடப்புக் கணக்குக்கு மாறிக்கொண்டால் இச்சிக்கல் வேரோடு போய்விடும்.

வாப்பா விட்டுச் சென்ற வீடு

இந்துக் குடும்பங்களுக்குக் கூட்டுக் குடும்பம் என்ற தனி வரி அலகு உண்டு. நமக்கு அது இல்லை. ஒருவர் மரணித்த கணத்திலேயே, அவருடைய சொத்தில் ஒவ்வொரு வாரிசுக்கும் ஷரீஅத் வகுத்த பங்கு உரிமையாகிவிடுகிறது. பத்திரம் எழுதிப் பிரிக்காவிட்டாலும் பங்கு பங்குதான். வருமான வரிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் இதையே ஒட்டிச் செல்கிறது: பலருக்கு உரிய வீட்டில் அவரவர் பங்கு திட்டமாகத் தெரியுமானால், வாடகையை அவரவர் பங்குப்படி அவரவர் கணக்கிலேயே காட்ட வேண்டும்.

நடப்பதென்ன? வாடகையை மூத்த மகன் வாங்குகிறார். மூத்த மகனே முழுவதையும் தம் கணக்கில் காட்டுகிறார். அல்லது அதைவிடத் தவறாக, மறைந்த தந்தையின் பான் எண்ணிலேயே ஆண்டுதோறும் கணக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இறந்தவரின் வருமானம் இறந்த நாளோடு முடிகிறது. அந்நாள் வரைக்குமான கணக்கை அவருடைய சட்டப் பிரதிநிதி தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பின் வருவது வாரிசுகளின் வருமானம்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். தந்தை மறைந்தார். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் உள்ளனர். வீட்டு வாடகை மாதம் 40,000. ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு 60,000. எஞ்சிய 4,20,000 ரூபாயை ஐந்து கூறாக்கினால் ஒவ்வொரு மகனுக்கும் 1,68,000, மகளுக்கு 84,000. மூத்தவர் 4,80,000 முழுவதையும் தம் தலையில் ஏற்றிக்கொண்டால், தமக்கு உரியதல்லாத 3,12,000 ரூபாய்க்கும் அவரே வரி கட்டுகிறார். வேறு வருமானம் இல்லாத தாயும் சகோதரியும் தத்தம் பங்கைக் காட்டினால் வரியே வராது.

வரி ஒருபுறம் இருக்கட்டும். பத்து ஆண்டுகள் ஒருவர் பெயரில் மட்டுமே வாடகை காட்டப்பட்டு வந்தால், நாளை பாகப் பிரிவினையின்போது "இது என் சொத்து, இதோ வரி கட்டிய ரசீது" என்ற பேச்சு எழ அதுவே வழி திறந்துவிடும். அதில் முதலில் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் பெண்மக்களே. எனவே இந்தப் பிழையைக் கண்டு சொல்லும் ஆடிட்டர், வரியை மட்டுமன்று, ஒரு சகோதரியின் பங்கையும் காப்பாற்றிக் கொடுக்கிறார்.

சபரிலிருந்து திரும்பியவர்கள்

வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் உழைக்கும் நம்மவரின் கணக்கில் முதற்பிழை, குடியிருப்பு நிலையைத் தவறாகக் குறிப்பது. ஓராண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்பதைக் கடவுச்சீட்டின் முத்திரைகளைக் கொண்டு எண்ணியே இதைத் தீர்மானிக்க வேண்டும். எண்ணாமலே "உள்நாட்டவர்" என்று எழுதப்பட்ட படிவங்கள் உண்டு. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆனபின்னும் "வெளிநாட்டில் வசிப்பவர்" என்றே தொடரும் படிவங்களும் உண்டு.

என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரி இல்லை என்பது பலருக்கும் தெரியும். அந்தச் சலுகை, அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும் வரைதான் என்பது பலருக்குத் தெரியாது. நிரந்தரமாக ஊர் திரும்பியவுடன் வங்கியில் சொல்லிக் கணக்கை மாற்ற வேண்டும். அதன்பின் வரும் வட்டி வரிக்குரியது. என்ஆர்ஓ கணக்கின் வட்டியோ எப்போதுமே வரிக்குரியது.

அடுத்தது, வெளிநாட்டில் விட்டு வந்த வங்கிக் கணக்கு. நெடுங்காலம் வெளியில் இருந்து திரும்புவோருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இடைநிலைச் சலுகை பெரும்பாலும் கிடைக்கும். அது முடிந்து முழு உள்நாட்டவர் ஆனபின், அங்குள்ள கணக்கு, வீடு, முதலீடு அனைத்தையும் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் எழுத வேண்டும். அதிலிருந்து வருமானமே வராவிட்டாலும் எழுத வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. அசையாச் சொத்து நீங்கலான மற்றவை 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நிதிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் பன்னாட்டு ஏற்பாட்டில் இந்தியாவும், ஐக்கிய அரபு எமிரேட்சு, சவூதி அரேபியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளும் இணைந்துள்ளன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கணவர் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தை மனைவி தம் பெயரில் வைப்பில் போட்டால், அதன் வருமானத்தைச் சட்டம் கணவரின் வருமானத்தோடு சேர்த்தே எண்ணுகிறது. "அவர் பெயரில் போட்டால் வரி வராது" என்று யாரோ சொன்னதை நம்பிச் செய்தவர்களின் பழைய கணக்குகளில் இதுவும் அகப்படும்.

ஜகாத்தும் நன்கொடையும்

ஜகாத் கொடுத்த தொகையை அப்படியே வரிக் கழிவாகக் கேட்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. ஏழை உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ நேரில் கொடுத்ததற்குக் கழிவு கிடையாது. 80ஜி ஒப்புதல் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால் மட்டுமே உண்டு. அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தது கணக்கில் ஏறாது. 2021-22 முதல், நன்கொடை பெற்ற நிறுவனம் துறைக்குத் தகவல் அனுப்பி 10பிஇ என்னும் சான்றிதழை உங்களுக்குத் தரவேண்டும். அந்தச் சான்று இல்லாமல் பழைய படிவத்தில் "நன்கொடை 50,000" என்று எழுதப்பட்டிருக்குமானால், புதிய ஆடிட்டரின் விரல் அவ்விடத்தில் நின்றே தீரும். 2023-24 முதல் இயல்பான திட்டமாக ஆக்கப்பட்ட புதிய வரித் திட்டத்தில் இருப்போருக்கு 80ஜி கழிவே இல்லை.

அழகிய கடனும் அன்பளிப்பும்

வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவுவது நம்மிடையே உள்ள நற்பழக்கம். ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதையும் திருப்பித் தருவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வட்டி இல்லை என்பது இதற்கு விலக்கு ஆகாது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகலாம். தக்க காரணம் காட்டினால் மட்டுமே தப்ப முடியும். கடனை எழுதிக்கொள்ளும்படி திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 282-ஆம் வசனம் பணிக்கிறது. திருமறையின் மிக நீண்ட வசனமே அதுதான். கடனை வங்கி வழியாகக் கொடுத்து, ஒரு தாளில் எழுதி வைத்தால் மார்க்கக் கட்டளையும் நிறைவேறும், சட்டமும் நிறைவேறும்.

அன்பளிப்பிலும் இதுபோல் ஒரு நுட்பம் உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர், மாமா, மாமி போன்ற நெருங்கிய உறவினர் தருவதற்கு வரி இல்லை. திருமணத்தின்போது மணமக்களுக்கு வருவதற்கும் இல்லை. ஆனால் நண்பர் தந்ததும், சிற்றப்பா மகன், மாமா மகன் போன்றோர் தந்ததும் ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். நாம் உடன்பிறப்பாகக் கருதுவோரைச் சட்டம் உறவினர் பட்டியலில் சேர்க்கவில்லை.

திருப்பித் தொகை வாங்கித் தருவோர்

மேலே சொன்னவை அறியாமையால் நேர்பவை. அறிந்தே செய்யும் ஒன்றும் உண்டு. "பிடித்த வரியை முழுவதும் திருப்பி வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இத்தனை சதவீதம்" என்று சொல்லி, இல்லாத வீட்டு வாடகை, செலுத்தாத காப்பீடு, எடுக்காத கல்விக் கடன், அரசியல் கட்சிக்குக் கொடுக்காத நன்கொடை ஆகியவற்றை எழுதிக் கொடுப்போர் பெருகியுள்ளனர்.

2025 ஜூலை 14-ஆம் தேதி இத்தகையோர் மீது வருமான வரித் துறை நாடெங்கும் சரிபார்ப்பு நடவடிக்கை மேற்கொண்டது. போலிக் கோரிக்கைகளுக்கான சான்றுகள் அதற்கு முன் நடந்த சோதனைகளில் கிடைத்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாக முன்வந்து, 1,045 கோடி ரூபாய் அளவிலான தவறான கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகவும் அரசு அறிவித்தது. மொத்தமாகப் படிவங்களை அனுப்புவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தொடங்கிப் பின்னர்க் கைவிட்டதால், துறையின் கடிதங்கள் படிக்கப்படாமலே கிடந்தன என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது.

இதில் ஓர் அடையாளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையின் முடிவைப் பொறுத்துச் சதவீதக் கூலி பேசுவது, அனுமதிக்கப்பட்ட சில விலக்குகள் நீங்கலாக, பட்டயக் கணக்காளருக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒழுக்கக்கேடு. திருப்பித் தொகையில் பங்கு கேட்பவரிடமிருந்து விலகி நிற்பதே நல்லது. அவர் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அபராதம் உங்கள் வாசலுக்கு வரும். தவறான தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைத்ததற்கு அபராதம், தப்பிய வரியின் 200 சதவீதம். நமக்கு உரியதல்லாத பணம் வீட்டுக்குள் வந்த கணக்கும் தனியே இருக்கிறது.

பிழை கண்டால் ஆடிட்டர் என்ன செய்வார்?

"அவரே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடுவாரோ?" என்ற அச்சம் பலருக்கு உண்டு. பட்டயக் கணக்காளர் வாடிக்கையாளரின் செய்தியை அவருடைய இசைவின்றியோ, சட்டம் கோராமலோ வெளியிடலாகாது; அதுவும் ஒழுக்கக்கேடே. தாம் பொறுப்பேற்காத முந்தைய ஆண்டுகளில் மோசடி இருக்கக் கண்டால், அதை வெளிப்படுத்துமாறு அவர் உங்களுக்கு அறிவுரை கூற வேண்டும். அந்தப் பழைய தவறு இப்போதைய கணக்கில் கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே நெறிதான்: வரி அலுவலகத்தின் முன் வாடிக்கையாளருக்காகத் தோன்றுபவர், பழைய படிவத்தில் பிழை கண்டால் அதையும் அதன் விளைவுகளையும் உடனே அவரிடம் சொல்லியாக வேண்டும், திருத்துவதா இல்லையா என்பதை முடிவு செய்பவர் வாடிக்கையாளர். சொல்வது அவர் கடமை. திருத்துவது உங்கள் கடமை.

உங்கள் வியாபாரம் தணிக்கைக்கு உரியதாக இருந்தால், புதிய ஆடிட்டர் பொறுப்பேற்கும் முன் பழைய ஆடிட்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதைக் கோள் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். இது சட்டம் வகுத்த நடைமுறை. பழையவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு மாறுவதே முறை.

திருத்தும் வழி

பிழை அண்மைய ஆண்டினதாக இருந்து காலக்கெடுவும் மிஞ்சியிருந்தால், திருத்திய படிவம் கொடுத்துவிடலாம். கெடு கடந்திருந்தால், 2022-இல் கொண்டுவரப்பட்ட "புதுப்பித்த படிவம்" இருக்கிறது, ஐடிஆர்-யு என்பர். முதலில் இதற்கு இரண்டு ஆண்டு அவகாசமே இருந்தது. 2025-இல் அது நான்கு ஆண்டுகளாக நீட்டப்பட்டது. விட்ட வரியையும் அதன் வட்டியையும் கட்டுவதோடு, முதலாண்டில் அவ்விரண்டின் கூட்டுத்தொகையில் 25 சதவீதம், இரண்டாமாண்டில் 50, மூன்றாமாண்டில் 60, நான்காமாண்டில் 70 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

வரியும் வட்டியுமாக 20,000 ரூபாய் என்று வையுங்கள். முதலாண்டிலேயே திருத்தினால் கூடுதல் 5,000, அடுத்த ஆண்டு 10,000, அதற்கடுத்து 12,000, கடைசி ஆண்டில் 14,000. ஆண்டுகள் எங்கிருந்து எண்ணப்படுகின்றன? 2022-23-இல் ஈட்டிய வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2023-24. அது முடியும் 2024 மார்ச் 31-இலிருந்து நான்கு ஆண்டுகள், அதாவது 2028 மார்ச் 31 வரை. தள்ளிப்போடப் போடச் சுமை கூடும். துறை கண்டுபிடிக்கும் முன் தாமாக முன்வருவோருக்கான வழி இது. துறையின் நடவடிக்கை தொடங்கிவிட்டால் பெரும்பாலும் இவ்வழி அடைபட்டுவிடும்.

நமக்குச் சேர வேண்டியதும் உண்டு

பழைய கணக்கைப் பார்ப்பதால் நட்டம் மட்டுமே வரும் என்று கருத வேண்டாம். கேட்க மறந்த கழிவு, கணக்கில் ஏறாத பிடித்த வரி, வங்கிக் கணக்கு எண் தவறியதால் வராமல் நின்ற திருப்பித் தொகை ஆகியவையும் அகப்படும். புதுப்பித்த படிவத்தின் மூலம் வரியைக் குறைக்கவோ திருப்பித் தொகை கேட்கவோ முடியாது. ஆனால் துறையின் ஆணையில் வெளிப்படையாகத் தெரியும் பிழையை, அந்த ஆணை பிறந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குள் 154-ஆம் பிரிவின் கீழ்த் திருத்தக் கேட்கலாம். உரிய காலத்தில் படிவமே கொடுக்காமல் திருப்பித் தொகையை இழந்தவர், தாமதத்தைப் பொறுத்தருளுமாறு 119-ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்கு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் எல்லை என்று 2024 அக்டோபரில் வெளியான சுற்றறிக்கை வரையறுத்தது. நோய், மரணம் போன்ற உண்மையான இடையூறு இருந்தவர்கள் தயங்க வேண்டியதில்லை.

எடுத்துச் செல்ல வேண்டியவை

ஆடிட்டரை மாற்றும்போது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளின் படிவங்களும் ஒப்புகைச் சீட்டுகளும், துறை அனுப்பிய ஆணைகள், கடிதங்கள், எல்லா வங்கிக் கணக்குகளின் அறிக்கைகள், நீங்கள் மறந்துபோன பழைய கணக்கு உட்பட, வாரிசுச் சான்றிதழும் சொத்துப் பத்திர நகலும், சபரில் இருந்தவரானால் கடவுச்சீட்டு, நன்கொடைச் சான்றுகள், கடன் கொடுத்த, வாங்கிய குறிப்புகள். இணையதளக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். உங்கள் எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும் பதியுங்கள். கணினி பழகிய மகளோ மகனோ வீட்டில் இருப்பார்கள், மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கண்ட பிழைகளை எழுத்தில் தருமாறு ஆடிட்டரிடம் கேளுங்கள். வாய்ச்சொல் நினைவில் நில்லாது.

ஒன்றை மட்டும் இறுதியாகச் சொல்வோம். ஒருவர் மறைந்தால் அவருடைய கடன்களைத் தீர்த்த பின்னரே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். வருமான வரிச் சட்டத்தின் 159-ஆம் பிரிவும், இறந்தவர் செலுத்தாத வரியை அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளிடமிருந்தே வாங்குகிறது. இன்று நாம் "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கும் பிழை, நாளை கணவனை இழந்த ஒரு பெண்மணியின் கையிலோ, கணக்கே தெரியாத ஒரு பிள்ளையின் கையிலோ கடிதமாக வந்து விழக்கூடும். அவர்களுக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்து சிறிதாக இருக்கலாம். கணக்கு நேராக இருக்கட்டும். இந்த ஆண்டு ஆடிட்டரிடம் போகும்போது, பழைய கணக்கையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.